கடன் கொப்பியின் பின்பக்கம்

நிலாவெளி பேக்கரியில் மூன்றரைக்கு
சூடு ஆறாத பாணை அடுக்கிக்கொண்டு
வடக்கே திரும்பினால்
திரியாய் வரைக்கும்
என் ஓட்டோதான் முதல் வெளிச்சம்.

கொப்பியின் முன்பக்கத்தில் ஆட்கள்:
நஸீமா உம்மா, பாண் இரண்டு, மாலுபாண் நாலு.
கந்தவனம், போன மாத மிச்சம் எழுநூற்றிருபது.
பின்பக்கத்தில் மற்றவை.
ஒருவரும் கேட்கவில்லை, நானாக எழுதுவது.

சலப்பையாற்றுப் பாலத்தடி: முதலை.
சிவப்பாய் இரண்டு கண்.
அடுத்த நாளும் அதே இடத்தில் அதே இரண்டு.
கும்புறுப்பிட்டி தாண்டி மரை, கழுத்தெல்லாம் ஈரம்,
என் லைட்டுக்குள் நின்று கொஞ்சம் யோசித்தது,
பிறகு இருட்டைச் சேலைபோல விலக்கி
உள்ளே போயிற்று.
முள்ளம்பன்றி, ஒன்று. நான்தான் வழிவிட்டேன்.
நரி: எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஊர் தொடங்கும் இடத்தில் மெட்டைப் போடவேண்டும்.
முதலாளி பூட்டித் தந்த ஒரே மெட்டு,
நடுவில் ஒரு இடத்தில் விக்கும்.
அதற்குப் பிள்ளைகள் எழும்புவார்கள்,
நாய்கள் ஊளையிடும்,
வயல்வரம்பில் மயில்கள்
என்னைவிடச் சுருதியாய்ப் பதில் சொல்லும்.

அலியனுக்கும் அது பழகியிருந்தது.
முதல் நாள் புதருக்குள் நின்று காதை அசைத்தது.
இரண்டாம் நாள் தெருவுக்கு ஏறியது.
மூன்றாம் நாள்
ஓட்டோவை விட்டுவிட்டு
ஒற்றைச் செருப்போடு ஓடினேன்.
மெட்டு மட்டும் எனக்குப் பின்னால்
விக்கி விக்கிப் பாடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது கண்ணாடி உடைந்திருந்தது.
பாணை அது தொடவில்லை.
சீனி தூவிய பணிஸ் மட்டும், பதினெட்டும்.

எனக்குப் பொய்க்கணக்கு வராது.
முன்பக்கத்தில் எழுதினேன்:
அலியன், பணிஸ் 18, பாக்கி.
பேக்கரி முழுக்கச் சிரித்தது.
முதலாளி சிரித்துக்கொண்டே சம்பளத்தில் கழித்தார்.

கந்தவனம் சிரிக்கவில்லை.
மாசியில் அவன் வயலில் அது இறங்கியிருந்தது,
ஒன்றரை ஏக்கர், கதிர் முற்றி
இன்னும் ஒரு கிழமை இருந்தால் வெட்டு.
ஈட்டில் இருந்தன மனைவியின் தோடும் தண்ணி மோட்டரும்.
"உன்ர ஆனை" என்றான் என்னைப் பார்த்து.
உன்ர.
நான் பாணை நீட்டினேன்.
வாங்கினான். எழுதினேன்.

புரட்டாதி முழுக்க அலியனைக் காணவில்லை.
பின்பக்கத்தில் அந்த மாதம்
காட்டுக்கோழியும் உடும்பும்தான்.

ஐப்பசி முதல் மழைக்கு அடுத்த விடியல்
கட்டுக்குளத்து வளைவில் நின்றது.
நான் ஓடவில்லை. ஓட வைக்கும் நிலையில் அது இல்லை.
விலா எலும்பு தெரிந்தது. தாடை ஒரு பக்கம் தொங்கியது.
வெள்ளரிப்பழத்துக்குள் வெடி.
பன்றிக்கு வைத்தது என்றார்கள் பிறகு.
ஆர் வைத்தது என்று ஊருக்கே தெரியும்,
அதனால் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு பணிஸை எடுத்துத் தெருவில் வைத்தேன்.
துதிக்கை அதைத் தூக்கியது,
வாய்வரை கொண்டுபோனது,
இறக்கியது.
மறுபடி தூக்கியது.
சீனி மழையில் கரைந்துகொண்டிருந்தது.
மெட்டை நிறுத்த
என் கைக்கு அந்தச் சுவிச் அகப்படவேயில்லை.

வனஜீவராசி ஜீப் மூன்றாம் நாள் வந்தது.
ஊசி போட்டார்கள். படம் எடுத்தார்கள்.
ஐந்தாம் நாள் பெக்கோ வந்தது, குழி தோண்ட.

இப்போது அந்த வளைவில் நான் மெட்டுப் போடுவதில்லை.
பாண் வந்தது கேட்கவில்லை என்று
நாலு வீட்டுக்காரர் என்னோடு சண்டை.
கந்தவனம் மட்டும்
நான் வர முன்னமே வேலியடியில் நிற்பான்.
நேற்றுக் கொப்பியைக் கேட்டான்.
தன் கணக்கைப் பார்த்தான்,
ஒற்றையைப் புரட்டினான்,
விரலை ஒரு வரியில் வைத்தான். கனநேரம் எடுக்கவில்லை.
"இதையும் என்ர பேரில போடு."

போட்டேன்.
பேனை மை திட்டுத்திட்டாய்த்தான் வந்தது.

பின்பக்கத்தில்:
கட்டுக்குளம், முயல் இரண்டு.
மழை விடவில்லை.