கனம்

நொடிக்கு இருபத்து நான்கு படம்.
என் திரையில் தண்ணீர் கேன்காரர் படியேறுகிறார்,
பஞ்சு மூட்டை சுமப்பவர்போல.

"கனமே இல்லையேடி"
பல் துலக்கியபடி சொல்லிப் போனாள்
அறைத்தோழி ஃபிர்தௌஸ்.

மூன்று நாளாய் நோட்டில் அதையே எழுதினேன்:
கனம் இல்லை. கனம் இல்லை.
கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்டது.
கனம் இல்லை.

இன்று காலை சாலிகிராமத்தில் கரண்ட் போனது.
பாதி ரெண்டர் செத்தது.
வாசலில் கேனோடு நின்ற ஏகாம்பரத்திடம்
"நான் தூக்கட்டுமாண்ணே?" என்றேன்.
சிரித்தார். கொடுத்தார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
நான் சாய்ந்தேன்.
தண்ணீர் சற்றே தாமதமாய்ச் சாய்ந்தது.

மாலை, திரையில்
அவர் தோளைத் தொடவில்லை;
கேனுக்குள் நீரை மட்டும்
நான்கு படம் பிந்தி அசைத்தேன்.

நோட்டில் இன்றைய எழுத்து கோணல்.
கை இன்னும் நடுங்குகிறது.