கட்டைவிரல் நகம்

மொண்டேவிடியோவில் செவ்வாய்க்கிழமை மழை.
நெல்டா குடையை மடக்காமலே கடைக்குள் நுழைந்து
ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள்.

மான்கொம்பு, கல். வேண்டாம்.
நைலான் எலும்பு, அதுவும் கல்தான், வாசனை மட்டும் பன்றிக்கறி.
ரப்பர் வளையத்தில்
பிறைபோல ஒரு பள்ளம் விழுந்து
மெல்ல மேலெழுந்தது.
சரி, இது.

"நகம் பதியாதது பல்லை உடைக்கும்,
முழுசாய் வாய்க்குள் போவது தொண்டையை அடைக்கும்"
என்றிருந்தார் டாக்டர் இரிகோயன்.
அதனால் பந்தை உள்ளங்கையில் உருட்டியபடி
மியேலின் வாயை நினைத்துப் பார்த்தாள்.
இன்றைய வாயை அல்ல,
அடுத்த மாத வாயை.

எதிர்க் கறிக்கடை ஒஸ்வால்டோ
சுட்ட விலா எலும்பைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார்.
"என் நாய் பதினான்கு வருஷம் இதைத்தான் தின்றது."
வெந்த எலும்பு சிம்பு சிம்பாய்ப் பிளக்கும்.
அவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.
வாங்கிக்கொண்டு, தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு,
அடுத்த செவ்வாய்க்கு ஒரு பொய் யோசித்தபடி நடந்தாள்.

கீச்சிடும் வாத்துக்கு ஏழே நிமிடத்தில் வயிறு கிழிந்தது.
உள்ளிருந்த ஊதலை
மியேலின் கடைவாயிலிருந்து தோண்டி எடுத்தாள்.
கயிறு நூல்நூலாய்ப் பிரிந்தது; அதுவும் அலமாரி உச்சிக்கு.
ஈரத் துண்டை முடிச்சிட்டு உறையவைத்துக் கொடுத்தாள்.
ஒருமுறை நக்கிவிட்டு
நாற்காலிக் காலுக்கே திரும்பிப் போனது.

இரவு வளையத்தைக் கழுவும்போது
ரப்பரில் ஏதோ அரிசிக் குருணை.
இல்லை, பல். பால்பல்.
விளக்கடியில் வைத்து
பழக்கதோஷத்தில் நகத்தை அழுத்தினாள்.

பதியவில்லை.