ரசோன் கறியா?

வயது எட்டு. பெயர் கோவிலன்.
வாயில் வராத எலுத்து ஒன்று.
சனிக்கிலமை தமில் வகுப்பில்
சத்தமாய் எண்ணச் சொல்வார்கள்.
ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு,
ஐந்து, ஆறு, அதுவரை ஓட்டம்.
அடுத்த எண்ணில் நாக்கு சறுக்கி
“ஏலு” என்பேன். வகுப்பே சிரிக்கும்.

நாக்கை மேலே மடிக்க வேண்டுமாம்,
நத்தை கூட்டுக்குள் நகர்வது போல.
கண்ணாடி முன்னே நின்று பார்த்தேன்.
கன்னம் வலித்தது. நத்தை வரவில்லை.

காவடி முடிந்த மத்தியானம்.
கத்ர் போர்ன் மலையின் அடியில் கோயில்.
ரோஜா நிறத்தில் வேட்டி, சேலை,
ரோட்டில் எல்லாம் உதிர்ந்த பூக்கள்.
வெறுங்கால் சுட்ட தார்ச் சாலை தாண்டி
விடுவிடென்று பந்திக்கு வந்தோம்.
பத்து நாளாய் மீனும் இல்லை,
முட்டை போட்ட கேக்கும் இல்லை.
(ஒன்பதாம் நாளில் பக்கத்து வீட்டில்
சொசீஸ் வறுத்த வாசம் வந்தது.
மூக்கைப் பிடித்தேன்.
முருகனுக்குத் தெரியும்.)

அடுத்த இலையில் அனாயிஸ் இருந்தாள்,
பள்ளியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு.
ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போவாள்,
கோயில் சோற்றுக்குக் கூப்பிடாமல் வருவாள்.
“செத் காரி!” என்றாள், கையைத் தட்டி.
செத்துப் போன கறி இல்லை அது!
கிரியோலில் செத் ஓர் எண்ணிக்கை,
ஆறுக்கு அடுத்தது. என் வாய்க்குள்
ஆகாத அந்த எண்தான் அது.

வாலை இலையில் தண்ணீர் தெளித்தோம்.
(வாலையும் எனக்கு வராத சொல்தான்.)
சோறு வந்தது, ஆவி வந்தது,
வாளிகள் ஓடும் ஓசை வந்தது.

முதலில் பூசணி, மஞ்சள் வெண்ணெய்.
மூச்சு விடுமுன் முடித்து விட்டேன்.
ரெண்டு: பலாக்காய், நாரும் சதையுமாய்.
“ஆடா இது?” என்று அனாயிஸ் கேட்டாள்.
“மரம்” என்றேன் நான்.
மூன்று: கத்தரி, புளியில் குளித்தது.
நாலு: வாலைக்காய், வட்ட வட்டமாய்.
ஐந்து: மொச்சை, அமுக்கினால் துள்ளும்.
ஒன்று துள்ளி எதிர் வரிசையில்
கண்ணாடிக்காரர் மடியில் அமர்ந்தது.
ஆறு: முருங்கைக் கீரை.

“ப்ரேத் முரூம்!” என்று அனாயிஸ் சொன்னாள்.
முரூமா? முருங்கையா? ரெண்டு பேரும்
முகத்தைப் பார்த்தோம். ஒரே மரம்தான்.
அவள் வீட்டு முற்றத்தில் வேர்,
எங்கள் வீட்டுப் பக்கம் கிளை.

“இதுவரை எத்தனை? எண்ணு!” என்றாள்.
எப்படி எண்ண? தின்று விட்டேனே!
என் இலை மேலே கோடுகள் மட்டும்.
அவளோ ஒவ்வொரு கறியிலிருந்தும்
ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தாள்.
ஆறு நிறத்தில் ஆறு குன்று!

அப்போது பரசுராமென் மாமா
ஆவி வாளியுடன் வந்தார்.
“ரசம்!” என்றேன் நான். “ரசோன்!” என்றாள்.
“ரசோன் கறியா? குடிப்பது கறியா?”
“கறிதான்.” “கடிக்க எதுவும் இல்லையே!”
சண்டை முற்றிச் சூடாகும்போது
மாமா சொன்னார்: “ஆறிப் போகுது.
கையைக் குவி.”

குவித்தேன். ஊற்றினார். உறிஞ்சினேன் ஒரு வாய்.

மிளகு!

மிளகு மூக்கில், மிளகு காதில்,
மிளகு முட்டியில், மிளகு முதுகில்!
நாக்கு பயந்து பின்னால் ஓடி,
மேலே மடிந்து, சுருண்டு, சுருங்கி,
நத்தை கூட்டுக்குள் போவது போலப்
போக, கத்தினேன்,

“ஏழு!”

வாளிகள் எல்லாம் நின்றன ஒரு கணம்.
“ஏழு!” என்றேன் இன்னொரு முறை.
“ஏழு கறி! வாழை இலை!
மழை! பழம்! குழம்பு! கிழங்கு!
தமிழ்! எழுத்து! கோழி!”
(கோயிலில் கோழி என்றதற்காக
மாமா என்னை முறைத்துப் பார்த்தார்.)

அனாயிஸ் தானும் குடித்துப் பார்த்தாள்.
கண்ணில் நீர் முட்ட, “ஏழு!” என்றாள்.
என்னை விடவும் அழகான ழ.
கொஞ்சம் பொறாமை எனக்கு.
பிறகுதான் கேட்டாள்: “ஏழு என்றால்?”
“செத்” என்றேன்.
இலையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.
“அப்போ சரி. ரசோன் கறிதான்.”

வருகிற சனிக்கிழமை வகுப்புக்கு
ஒரு சின்ன பாட்டில் கொண்டு போவேன்.
பார்ப்பவர் அதைத் தேநீர் என்பார்கள்.
கேட்டால் ஆளுக்கு ஒரு மூடி தருவேன்.