வரப்பு

பனி பெய்யும் இரவுகளில்
இரண்டு மணிக்கு இப்போதும் எழுந்துவிடுகிறான் தௌனோ.
அலாரம் வைப்பதில்லை.
பனி விழுந்தால் வெளியே சத்தம் குறையும்.
அந்தக் குறைச்சல்தான் அவனை உலுக்குகிறது.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
ஒரு காலுக்குக் காலுறை மாட்டிய பிறகுதான்
ஞாபகம் வரும் போல.
மற்றதைக் கையில் வைத்தபடி
கொஞ்ச நேரம் இருப்பான்.

முப்பத்துநான்கு குளிர்காலம்
கூமோவின் வடக்குச் சாலைகளைத் திறந்துவைத்தவன்:
பள்ளிப் பேருந்துக்கு, பால் லாரிக்கு,
பிரசவத்துக்கு ஓடிய இரண்டு கார்களுக்கு.
நகராட்சி கேக் வெட்டியது,
ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது.
இனி மணி பார்க்கத் தேவையில்லாதவனுக்குக்
கடிகாரம் கொடுக்கும் வழக்கத்தை
யார் தொடங்கிவைத்தார்களோ!

அக்டோபரில் சமையலறை டப்பாக்களை
அகரவரிசையில் அடுக்கினான்.
ரொட்டிக்குப் போட ஏலக்காயைத் தேடி
பத்து நிமிடம் நின்றேன்.
நவம்பரில் என்னோடு கடைக்கு வந்தான்.
தள்ளுவண்டியை வலது ஓரமாகவே,
ஒரே வேகத்தில்,
திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான்.
நானும் ஒழுங்கில்லை.
கை பழகிய பழக்கம்,
பிளாஸ்கில் காபி நிரப்பிவிடுகிறேன்.
சமையலறை மேசையில் உட்கார்ந்து
மூடியில் ஊற்றித்தான் குடிக்கிறான்.
இதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

டிசம்பரில் முதல் பெரிய பனி.
நான்கு மணிக்கு வென்லா வந்தாள்,
அவனுடைய பழைய வண்டியில்.
மஞ்சள் விளக்கு எங்கள் படுக்கையறைச் சுவரை
ஒருமுறை சுற்றிப் போனது.
"பிளேடை அதிகம் சாய்க்கிறாள்"
என்றான் இருட்டில்.
"தூங்கு" என்றேன்.

ஆறு மணிக்கு வெளியே போனவன்
படியிலேயே நின்றுவிட்டான்.
சாலையைத் திறந்த வண்டி
எங்கள் வாசலை அடைத்துப் போயிருந்தது.
முழங்கால் உயரத்துக்கு வரப்பு,
உடைத்துப் போட்ட கல் மாதிரி இறுகி.
உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றாமல் கேட்டான்:
"என் காலத்திலும் இது இருந்ததா?"
"இருந்தது."
"நான் வீடு திரும்பும்போது இருந்ததில்லையே."

நான் காபி ஊற்றினேன்.
கணக்குப் போடட்டும் என்று விட்டுவிட்டேன்.
முப்பத்துநான்கு குளிர்காலம்.
குளிர்காலத்துக்கு ஐம்பது, அறுபது காலை.
தெருவில் இருபத்தொரு வாசல்,
அதில் ஒன்று எங்களுடையது.

"சொல்லியிருக்கலாமே, ரைலி."

சொல்லியிருக்கலாம்.
ஒன்பது மணிக்கு நீ கண் சிவந்து வருவாய்.
வாசல் திறந்து கிடக்கும்.
வேகம் குறைக்காமல் காரைத் திருப்பி
நேராக உள்ளே கொண்டுவந்து நிறுத்துவாய்.
அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்,
அவ்வளவுதான்.
இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.
"ஆறிவிடும், குடி" என்றேன்.

அன்றிலிருந்து பனிவாரி அவன் கையில்,
நான் ஜன்னலில்.
அவன் அள்ளுவது சரியில்லை.
காற்று வரும் பக்கமே கொட்டுகிறான்,
பாதி திரும்பி வருகிறது.
கதவைத் திறந்து சொல்லலாமா என்று
இரண்டுமுறை கைப்பிடியைத் தொட்டேன்.
எனக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்
என்று அப்போதுதான் உறைத்தது.
கேக் இல்லை.
கடிகாரமும் இல்லை, அது ஒரு நிம்மதி.

நேற்று விடியுமுன் எழுந்து பார்க்கிறேன்:
வலப்பக்கம் துடைத்துவிட்டாற்போல் சுத்தம்.
இடப்பக்கம் பாதி வரப்பு அப்படியே.
அதில் என் சின்ன வாரி
குத்திட்டு நிற்கிறது.
அவனைக் காணோம்.
தெருவிளக்கடியில், அடுத்த வீட்டு ஹில்காவின் வாசலில்
ஒரு முதுகு குனிந்து நிமிர்ந்தது.
அங்கேயும் காற்றுப் பக்கமே கொட்டுகிறான்.
அதற்கப்பால் பத்தொன்பது வாசல்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
காலுறையைத் தேடினேன்,
இரண்டையும்.