ஒரு ஸ்டாப் குறைவாக

"ஒரு ஸ்டாப் குறை" என்றாள் ஒதீல்.
எனக்குத் தெரிந்த ஸ்டாப்பெல்லாம்
காளவாசல், அரசரடி, சிம்மக்கல்.
தெர்மாகோலைக் கொஞ்சம் தாழ்த்து என்கிறாள்,
பாண்டிச்சேரியிலிருந்து பேச்சு மாற்ற வந்த
ரெஜினா சொன்னாள்.
வெளிச்சத்தில் பாதி; அதற்குப் பெயர் ஒரு ஸ்டாப்.

கீழவளவு குவாரி.
மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்.
அறுத்த கல்லில் பட்டுத் தெறித்த பங்குனி வெயிலுக்கு
எல்லோரும் வேனுக்குள் ஓட
அவள் மட்டும் கழுத்து மீட்டரை எடுத்து
காய்ச்சல் பார்ப்பதுபோல
பாறையின் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது கேட்டேன், எத்தனை படம்?

பதினொரு வருஷம் அடுத்தவர் கேமராவுக்கு ஃபோகஸ்.
முதல் படம் கிடைத்ததே
யாருக்கோ மஞ்சள்காமாலை கண்டதால்.
பனியை வெள்ளையாகக் காட்டாததற்கு ஒரு பரிசு,
அதே குற்றத்துக்கு அடுத்த படத்தில்
பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
இது முப்பத்தொன்றாவது.
சொல்லிக்கொண்டே புளியோதரையில் கிடந்த
மிளகாயைக் கடித்துவிட்டாள்.
கண்ணில் தண்ணீர் வந்தது அதற்குத்தான்.

மூன்றாம் வாரம் தயாரிப்பாளரின் போன் அணைந்தது.
டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ்காரர்
லென்ஸ் பெட்டிகளை வாடகைக்கு ஈடாகப் பூட்டிக்கொண்டார்.
தப்பியது அவள் மடியில் இருந்த ஒன்று.
பிலிம் நானூறு அடி மிச்சம்.
நாலரை நிமிஷம்.

நரசிங்கம் பக்கம், யானைமலைக்கு முதுகு காட்டி
தெர்மாகோலைப் பிடித்து நிற்கச் சொன்னாள்.
"அசையாதே, செவுகா."
நடிகர் இல்லை.
வெள்ளைப் பலகையில் பொழுது இறங்குவதை
சுருள் தீரும்வரை எடுத்தாள்.
நடுவில் ஓர் எறும்பு குறுக்கே போனது,
யாரும் கட் சொல்லவில்லை.
விளிம்பில் என் நாலு விரல் தெரிந்திருக்கும்.
பெருவிரல் பின்னால்.

போன வருஷம் ரெஜினா பேசினாள்.
ஒதீலுக்கு இப்போது பார்வை சரியில்லையாம்.
அங்கே அவள் படங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்களாம்,
முப்பதோடு நிற்கிறதாம்.
எந்த டப்பாவில், எந்த ஊர்க் குளிரில்
இருக்கிறதோ என் கை.

நேற்று மண்டபத்தில் சீரியல் செட் கட்டும் வேலை.
ஏதோ நினைப்பில் காளவாசலை விட்டுவிட்டேன்.
"ஒரு ஸ்டாப் தாண்டி வந்துட்டீங்களே அண்ணே"
கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிட்டார்.
அரசரடியிலிருந்து திரும்பி நடந்தேன்.
போய்ச் சேர்வதற்குள்
பாதி வெளிச்சம் போயிருந்தது.