சாவடிக்கு எதிர்ப்பக்கம்

5.40. மண்டபம் முகாம் சாலை.
கம்பி இறங்கியிருக்கிறது.
ஐஸ்பெட்டியோடு ஷேர் ஆட்டோ, பதினேழு நிமிடம்.
நகரை மீனிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
சகாயராணி கேட்கிறாள்.

உடைமரத்தடியில் நாங்கள் இருவர்,
ஒரு நீள நோட்டு, மூடி தொலைந்த பேனா.
தடுக்க வரவில்லை. பார்க்க வந்தோம்.

6.25. முகாம் பெண், வயிற்றில் எட்டு மாதம்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்,
பின்பக்கத்தில்
பிறக்காத பிள்ளையின் பெயரும் இருக்குமென்பதுபோல.
'காரணம்' கட்டம் காலி.

சாலையைத் தாண்டி வந்தான் இளங்காவலன்.
"என்னக்கா எழுதுறீங்க?"
நேரம், என்றேன்.
கச்சான் காற்றில் படபடத்த தாளைப்
பிடித்துக்கொண்டே வாசித்தான்.
"ராத்திரி பத்துலருந்து நிக்கிறேன்.
அதையும் போடுங்க."

போட்டேன்.
திரும்பிப் போய்
அடுத்த ஆட்டோவை நிறுத்தினான்.
6.52.