ஏழாம் விதி, மூன்றாம் திருத்தம்

முதலில் கவசம் என்பது வெறும் கழித்தல்.
அடி இருபது, தகடு பன்னிரண்டு,
மிச்சம் எட்டைக் கப்பலின் உயிரில் குறைத்துக்கொள்.
சத்துவாச்சாரி டயர் கடை மாடியில்
சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக்
கோதண்டம் பகடையைக் கீழே வைத்தார்.
"டேங்குக்கு இன்னா உயிரு?
தொளைச்சுதா, தொளைக்கலயா. அவ்ளோதான்."

கம்மவான்பேட்டைக்காரர்.
பதினேழு வருஷம் டேங்கின் வயிற்றில் மல்லாந்து கிடந்தவர்.
எங்கள் ஆட்டத்தில் சரக்குக் கப்பலின் சமையல்காரர்.
துப்பாக்கிக் கட்டத்தில்
'வேணாம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

சரியென்று அடித்தேன்.
நான் வாகனக் காப்பீட்டு சர்வேயர்.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம்
நசுங்கும் வண்டிக்கெல்லாம் ரப்பருக்குப் பாதி தேய்மானம் போட்டுக்
கையெழுத்து வைப்பவன்.
தகரம் எப்படி மடங்கும் என்று எனக்குத் தெரியும்.
மடங்காத இரும்பு என்ன செய்யும் என்று
அன்றைக்குத் தெரியாது.

அடுத்த திருத்தம் சாய்வு.
ராணிப்பேட்டையில் கொதிகலன் தகட்டுக்கு
ஒலியலை வைத்துப் பார்க்கும் ரீகன்
பரோட்டா மடித்த தாளில் கோடிழுத்தான்:
நிமிர்ந்து நின்றால் நாற்பது மில்லிமீட்டர்,
அறுபது டிகிரி படுக்க வைத்தால்
வருகிற குண்டுக்கு அதுவே எண்பது.
"ஓசியில் இல்லை" என்றேன்.
அதே உயரத்தை மூட இருமடங்கு நீளத் தகடு,
இருமடங்கு எடை, எரிபொருள், கடன்.
கடன் என்றதும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தஸ்னீம்தான் அகழியைக் கொண்டுவந்தாள்.
"கோட்டைக்கு மொத கவசம் கருங்கல்லா?
காலி எடம்."
அப்படியே எழுதினேன்:
வெளியே தீப்பெட்டி அட்டைபோல ஒரு தகடு,
நடுவில் ஒரு முழம் ஒன்றுமில்லாமை,
அப்புறம்தான் சுவர்.
வேகமாய் வரும் மணல்துகள் முதல் தகட்டில் வெடித்து,
புகையாய் விரிந்து,
சுவரைத் தொடும்போது வெறும் சாம்பல் வீச்சு.

அவள் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அறைக்காரி.
கதிருக்கும் ஒரு விதி கேட்டோம்.
"பன்னெண்டு மில்லி ஈயம் வெச்சா பாதி.
இன்னொரு பன்னெண்டு, பாதில பாதி.
எவ்ளோ அடுக்குனாலும் சைபர் வராது."
அப்போ நீ என்ன செய்வாய்?
"எவ்ளோ நேரம் நிக்கிறேன்னு பாத்துக்குவேன்."

எங்கள் கப்பலுக்குப் பெயர் பாலாறு.
தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்காது.
வைகாசிக் கடைசியில், கரண்ட் போய்,
செல்போன் வெளிச்சத்தில் மேஜை நீலமாயிருந்தபோது
ரோந்துக் கப்பல் ஒன்று சுட்டது.
சாய்வைக் கூட்டி, அகழியைக் கூட்டி
அட்டவணையில் விரல் வைத்துத் தேடினேன்.
துளைக்கவில்லை.
ரீகன் நாற்காலியைத் தட்டினான்.

கோதண்டம் தட்டவில்லை.
"உள்பக்கத்துக்கு ஒண்ணு உருட்டு."
"உள்பக்கத்துக்கு விதி இல்லையே."
"தகடு தாங்கும். தாங்குன அதிர்ச்சியில
உள்ளாற செதில் செதிலா பேத்துக்கிட்டுப் பறக்கும்.
வெளிய வந்து பாத்தா வண்டி புதுசாட்டம் நிக்கும்."
இத்தனை மாதத்தில் அவர் பேசியதிலேயே அதுதான் நீளம்.
பகடையை அவரே எடுத்தார், அவரே உருட்டினார்.
நான்கு.
நான்காம் அறை சமையலறை.

யாரும் மறு உருட்டல் கேட்கவில்லை.
அவர் தன் தாளை இரண்டாய் மடித்துப் பைக்குள் வைத்து,
ஆறிப்போன சால்னாவை ஊற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை பிள்ளையார்குப்பத்தருகே ஒரு கார்.
முகப்புக் கண்ணாடிகூட உடையவில்லை.
'வெளிப்புறச் சேதம்: இல்லை' என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடாமல் நின்றிருந்தேன்.
படிவத்தில் அதற்குக் கீழே கட்டம் கிடையாது.
வீட்டுக்கு வந்து விதி நோட்டைத் திறந்தேன்:
7.3. தகடு தாங்கினாலும்,
உள்ளே இருப்பவர்களுக்காக ஒரு பகடை.

அடுத்த சனி புதுத் தாளோடு வந்தார்.
திரும்பவும் சமையல்காரர். வேறு பெயர்.
பொருட்கள் கட்டத்தில் ஒரே வரி:
'சுவரின் உள்பக்கம் தொங்கவிட, கெட்டியான ரப்பர் பாய்.'

"ரப்பரென்றால் பாதி தேய்மானம்" என்றேன்.
"மீதிப் பாதி போதும்" என்றார்.